அளந்த தண்ணீரும் அளக்காத தண்ணீரும்
மணமேல்குடிக் கடற்கரை இறால் குளங்களை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

1995 கோடையில், மணமேல்குடிக்கு வடக்கே கடலோரத்து இறால் பண்ணையொன்றில் நான் தண்ணீர் பார்க்கிற ஆளாக இருந்தேன். சம்பளப் பதிவேட்டில் 'டெக்னீஷியன்'. ஊரில் 'தண்ணி பாக்குற தம்பி'. விலங்கியல் படித்துவிட்டு இரண்டு வருடம் சும்மா திரிந்தவனுக்கு அது கௌரவமான வேலைதான். இறால் பண்ணை எதிர்ப்புப் போராட்டத்தின் வரலாறு பலராலும் எழுதப்பட்டிருக்கிறது. அதைத் திரும்பச் சொல்வது இங்கு நோக்கமில்லை. 'நீரின் தரம்' என்று நாம் பேசும் விஷயம் எப்படி, யாருக்காக, கரையின் எந்தப் பக்கம் நின்றுகொண்டு உருவாக்கப்படுகிறது என்ற கேள்வியை, நான் பார்த்த வேலையிலிருந்தே தொடங்க நினைக்கிறேன். அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் சொல்லியாக வேண்டும்.

விடியற்காலை 5 மணிக்குக் கரைந்த ஆக்ஸிஜன். 6 மணிக்கு பி.எச். வெயில் ஏறியதும் செச்சி தட்டை இறக்கித் தண்ணீரின் தெளிவு. மாலை 4 மணிக்குத் திரும்பவும் பி.எச். இரவு மறுபடி ஆக்ஸிஜன். உப்பளவு தினமும். அம்மோனியாவும் காரத்தன்மையும் வாரம் ஒரு தடவை. குளத்துக்கு ஒரு நீளப் பதிவேடு. பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டம். இந்தக் கட்டங்களை நிரப்புவதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

பண்ணைக்கு மேற்கே ஒரு கல் தொலைவில் இருந்த குடியிருப்பிலிருந்து கூலி வேலைக்கு வரும் வயதான பெண் ஒருவர், ஒருநாள் தூக்குவாளியில் தண்ணீர் கொண்டுவந்தார். உப்பளவு பார்க்கிற கருவியை நான் கண்ணில் வைத்துப் பார்ப்பதைத் தினமும் கவனித்திருக்கிறார்.

"தம்பி, அந்தக் கண்ணாடிய வச்சு இந்தத் தண்ணியையும் கொஞ்சம் பாரேன். எங்க கெணத்துத் தண்ணி. ஆறு மாசமாக் கரிக்குது. பருப்பு வேக மாட்டேங்குது. புள்ளைக வாயில வைக்க மாட்டேங்குதுக."

ஒரு சொட்டு விட்டுப் பார்த்தேன். நூறு கோடுகளில் நிழல் முதல் கோட்டில் நின்றது.

"ஒண்ணுதான் ஆத்தா காட்டுது. நம்ம குளத்துல இருபது இருக்கு. கடல்ல முப்பத்தஞ்சு. இது நல்ல தண்ணிதான்."

"ஒண்ணா? அப்ப என் நாக்குதான் பொய் சொல்லுதாக்கும்" என்றார். சிரிக்கவில்லை. வாளியைக் கவிழ்த்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார். பதிவேட்டில் அதை நான் எழுதவில்லை. எழுதக் கட்டமும் இல்லை.

நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் அது தவறு. அந்தக் கருவியில் ஒரு கோடு என்பது ஆயிரத்துக்கு ஒரு பங்கு உப்பு. லிட்டருக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம். இந்திய தர நிர்ணய அமைவனத்தின் குடிநீர்த் தரத்தின்படி கரைந்த திடப்பொருள் லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. வேறு ஆதாரமே இல்லாத இடத்தில் மட்டும் 2000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதாவது, கடலை அளக்கச் செய்த அந்தக் கருவியின் மிகச் சிறிய கோடே குடிநீரின் எல்லையைப் போல இரண்டு மடங்கு. நல்ல தண்ணீர் கெட்ட தண்ணீராவது முழுக்க அந்த முதல் கோட்டுக்குள்ளேயே நடந்து முடிந்துவிடுகிறது. கருவிக்கு அது தெரியாது. அந்தப் பெண்ணின் நாக்குக்குத் தெரிந்திருந்தது. நான் கருவியின் பக்கம் நின்று பதில் சொன்னேன்.

2

மண் குளம் என்பது தண்ணீர் நிரப்பிய பள்ளம் என்றே வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத் தோன்றும். அப்படி இல்லை. அது ஒரு நாளில் இரண்டு முறை மூச்சை மாற்றுகிற உடம்பு. பகலில் தண்ணீரிலுள்ள பாசி வெயிலைக் கொண்டு ஆக்ஸிஜனை உண்டாக்குகிறது. கரியமில வாயுவை எடுத்துக்கொள்வதால் பி.எச். ஏறுகிறது. இரவில் பாசியும் இறாலும் அடிச்சேற்றின் நுண்ணுயிர்களும் எல்லாமே மூச்சை இழுக்கின்றன, கொடுப்பதற்கு யாருமில்லை. ஆகவே விடிவதற்குச் சற்று முன்புதான் ஆக்ஸிஜன் ஆகக் குறைவு. லிட்டருக்கு 3 மில்லிகிராமுக்குக் கீழே போனால் இறால் கரையோரம் ஒதுங்கி மேலே வரும். காலைக்கும் மாலைக்கும் பி.எச். வித்தியாசம் 0.5ஐத் தாண்டினால் பாசி மிஞ்சிவிட்டது என்று பொருள். அதே அளவு அம்மோனியா, பி.எச். ஏறினால் கூடுதல் விஷமாகிறது. போடுகிற தீவனத்திலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி இறாலின் உடம்பில் சேர்வதில்லை. தண்ணீரிலும் சேற்றிலும்தான் தங்குகிறது. அடியில் கருஞ்சேறு கட்டி அழுகிய முட்டை நாற்றம் அடிக்கத் தொடங்கினால் குளம் கைவிட்டுப் போகிறது. சுண்ணாம்பு போடுவது, தீவனத்தைக் குறைப்பது, துடுப்புச் சக்கரங்களை ஓட்டுவது, தண்ணீர் மாற்றுவது என்று எல்லா மேலாண்மையும் இந்த மூச்சைச் சீராக வைத்திருப்பதற்கே.

இந்த அறிவை நான் இன்றும் மதிக்கிறேன். எதிர்ப்பு எழுத்துகள் பலவற்றில் இறால் குளம் வெறும் 'நச்சுக் குட்டை' ஆகிவிடுகிறது. ஒரு குளத்தைப் பராமரிக்கத் தேவைப்படும் கவனத்தின் அளவு அதை எழுதியவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் கவனம் படித்தவனிடம் மட்டும் இருந்ததும் இல்லை. எங்கள் பண்ணையில் இரவுக் காவலுக்கு இருந்தவர் முன்பு கடலுக்குப் போனவர். சாயங்காலம் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு விடியக்குள்ள மூச்சு முட்டும், சக்கரத்தப் போட்டுரு" என்பார். மறுநாள் 5 மணிக்கு என் எண் அவர் சொன்னதை உறுதிசெய்யும். பதிவேட்டில் என் கையெழுத்து. முதலாளியிடம் பேசுவது என் எண். அவருடைய கண் எந்தக் கட்டத்திலும் ஏறவில்லை. வெளியே இருந்த கிணற்றுக்கு நேர்ந்ததும் உள்ளே இருந்த தொழிலாளியின் அறிவுக்கு நேர்ந்ததும் ஒன்றுதான் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது.

3

அளவுகள் வானத்திலிருந்து விழுவதில்லை. நான் கையில் வைத்திருந்த ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு. முதலில் அதைக் கேட்டவன் ஒருவன் உண்டு. கயிற்றில் கட்டி இறக்கும் தட்டு, ஆஞ்செலோ செச்சி என்ற ஏசுசபைப் பாதிரியார் 1865இல் போப்பாண்டவரின் கப்பலிலிருந்து மத்தியதரைக் கடலின் தெளிவைப் பார்க்கப் பயன்படுத்தியது. ஆக்ஸிஜனை அளக்கும் ரசாயன முறையை 1888இல் வகுத்தவர் ஹங்கேரியரான லாயோஷ் விங்க்லர். பி.எச். என்ற கணக்கை 1909இல் சோரன்சென் உருவாக்கியது கோபன்ஹேகனில், ஒரு பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். ஆலைக்கழிவுக்கு நாம் இன்றும் சொல்லும் பி.ஓ.டி. அளவை நிலைநிறுத்தியது பிரிட்டனின் சாக்கடை நீருக்கான அரச ஆணையம். அதன் 1912ஆம் ஆண்டு அறிக்கை. அந்தச் சோதனைக்கு ஐந்து நாள் என்று வைத்ததற்கு, இங்கிலாந்தின் ஆறுகள் எதுவும் கடலுக்குப் போய்ச்சேர அதற்குமேல் எடுத்துக்கொள்வதில்லை என்பதே காரணம் என்று பாடம் நடத்துபவர்கள் சொல்வதுண்டு.

பீரும் போப்பும் இங்கிலாந்து ஆறும் என்று கேலி பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கருவிகள் இல்லாமல் தண்ணீரைப் பற்றி இன்று ஒரு வாக்கியம்கூடப் பேச முடியாது. ஆனால் ஒவ்வொரு அளவையும் ஒரு கேள்விக்கான பதில். அந்தக் கேள்வி யாரோ ஒருவருடையது. அறிவுக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான உறவு பற்றி ஃபூக்கோவை மேற்கோள் காட்டி நாம் நிறையவே எழுதியாயிற்று. மணமேல்குடியில் அதற்கு இவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. இறால் செத்துவிடுமா என்ற கேள்விக்கு எங்களிடம் பன்னிரண்டு கட்டங்கள் இருந்தன. கிணறு கெட்டுவிடுமா என்ற கேள்விக்கு ஒன்றுமில்லை. முதல் கேள்வியைக் கேட்டவனிடம் பணம் இருந்தது. இரண்டாவதைக் கேட்டவரிடம் தூக்குவாளி இருந்தது.

4

இறால் ஏன் மணமேல்குடிக்கு வந்தது? புதுக்கோட்டை சமஸ்தானத்துக்குக் கடலே கிடையாது. 1974 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் உருவானபோது தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்து சேர்ந்த பகுதி இது. அதாவது காவிரியின் கணக்கில் வருகிற மண். மேட்டூர் திட்டத்தோடு 1934இல் முடிந்த கல்லணைக் கால்வாய், நம்ம பக்கத்துப் பேச்சில் 'புது ஆறு', சுமார் 148 கிலோமீட்டர் ஓடி மும்பாலையில் முடிகிறது. கடைமடை என்ற சொல்லின் முழு அர்த்தம் இங்கேதான். காவிரியில் தண்ணீர் குறைந்தால் முதலில் வறளுவதும், வந்தால் கடைசியில் நனைவதும் இந்த நிலம். மேலிருந்து வந்து உப்பைக் கழுவித் தள்ளுகிற நல்ல தண்ணீர் வராமல் போனால், கடலோர நிலத்தில் உவர் தானாகவே ஏறும். விளையாத நிலத்தை விற்றவனைக் குறை சொல்வதற்கில்லை. 'எப்படியும் உவர்ப் பூமிதானே' என்றுதான் வாங்கியவர்களும் சொன்னார்கள். கிணறு கரித்ததற்குப் பண்ணை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. பண்ணை வருவதற்கு முன்பு அந்தக் கிணற்றின் அளவு என்ன என்று யாரும் எழுதிவைக்கவில்லை. பண்ணைக்கும் அதிகாரிக்கும் இதைவிட வசதியான இன்மை வேறு இருக்க முடியாது.

உலக அளவில் அப்போது நடந்துகொண்டிருந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். தைவானின் இறால் குளங்கள் 1988இல் நோயாலும் தங்கள் கழிவாலும் சரிந்தன. சீனத்தில் 1993இல் அதே கதை. ஓரிடத்துத் தண்ணீர் கெட்டதும் தொழில்நுட்பமும் மூலதனமும் அடுத்த கடற்கரைக்கு நகர்ந்தன. வங்கதேசத்தின் குல்னாப் பகுதியில் இறால் பண்ணைக்கு எதிராக ஊர்வலம் போன கருணாமயி சர்தார் 1990 நவம்பர் 7 அன்று கொல்லப்பட்டார். நிலமற்ற பெண் அவர். தமிழ்நாட்டுக் கடற்கரையில் குளங்கள் வெட்டப்பட்ட வருடங்களும் அவைதான்.

கோடையில் ஆவியாவதால் குளத்தில் உப்பு ஏறும். கறுப்பு இறாலுக்கு 15இலிருந்து 25 வரைதான் உகந்தது என்பது பாடம். ஆகவே போர்வெல் போட்டு நல்ல தண்ணீரைக் கலப்பார்கள். எங்கள் பண்ணையிலும் கலந்தோம். அதன் கணக்கை அப்போது நான் போட்டுப் பார்க்கவில்லை, இப்போது போட்டேன். ஒரு ஹெக்டேர் குளத்தில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு நிற்கும் தண்ணீர் 1 கோடி லிட்டர். கடல் நீரின் 35ஐ 20க்குக் கொண்டுவர அதில் ஏறக்குறைய 43 லட்சம் லிட்டர் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். 15 லிட்டர் குடத்தில் நாளைக்குப் பத்துக் குடம் எடுக்கும் ஒரு வீட்டுக்கு அது 78 வருடத்துத் தண்ணீர். ஒரு குளத்தை ஒரே ஒரு முறை நிரப்புவதற்கு. குளத்துக்குள் அது 'உப்பளவு மேலாண்மை' என்ற ஒரு கட்டம். 35 என்ற எண் 20 ஆகிறது, அவ்வளவுதான். மணற்பாங்கான கடலோரத்தில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. மேலே ஒரு அடி குறைந்தால் கீழேயிருந்து சுமார் நாற்பது அடி உப்பு ஏறிவரும் என்ற விதி பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெரிந்ததுதான். நாற்று நடுகிற கையால் மணலைத் தோண்டி, ஊற்றில் கொட்டாங்கச்சியால் மொண்டு குடம் நிரப்பும் பெண்களுக்கு அந்த விதி, ஆழமாகத் தோண்டாதே என்ற பேச்சாக எப்போதோ தெரிந்திருந்தது.

5

கீழ்வெண்மணிக்குப் பிறகு தஞ்சை மண்ணில் நிலமற்றவர்களுக்காக வேலை செய்தவர்கள் ச. ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும். வாங்கிக்கொடுத்த நிலத்தின் பக்கத்திலேயே இறால் குளங்கள் வந்தபோது அவர்கள் போராட்டம் அந்தப் பக்கம் திரும்பியது. 1994இல் ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் போனார். நாகபுரியிலுள்ள நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனத்தை நீதிமன்றம் கடற்கரைக்கு அனுப்பியது. பண்ணையால் வருகிற வருமானத்தைவிடச் சூழலுக்கும் சமூகத்துக்கும் ஆகும் இழப்பு அதிகம் என்று அது அறிக்கை கொடுத்தது. 1995 மே மாத இடைக்கால உத்தரவிலேயே நிலத்தடி நீரை எடுக்கக் கூடாது என்றிருந்தது. எங்கள் மோட்டார் அதற்குப் பிறகு இரவில் ஓடியது. நான் அறிவேன். தண்ணீர் கலந்ததை மறுநாள் காலை பதிவேட்டில் எழுதியதும் நான்தான்.

1996 டிசம்பர் 11 தீர்ப்பு, கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த, பாரம்பரிய முறையல்லாத பண்ணைகளை 1997 மார்ச் 31க்குள் அகற்றச் சொன்னது. பாதிப்புக்கு இழப்பீடு, வேலையிழக்கும் தொழிலாளிக்கு ஆறு ஆண்டுச் சம்பளம் உட்பட நிவாரணம் எல்லாம் அதில் இருந்தன. அந்தத் தீர்ப்பு எப்படி நடைமுறைக்கு வராமல் போனது என்பது தெரிந்த கதை. மறுஆய்வு மனுக்கள், இடைக்காலத் தடை, பிறகு 2005இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம். இந்தச் சட்டம் பின்னோக்கிப் போய், 1991 அறிவிக்கையின் தடையிலிருந்தே இறால் வளர்ப்பை விடுவித்தது. 2009இல் தென் அமெரிக்கக் கடற்கரையைச் சேர்ந்த வன்னாமி இறாலுக்கு அனுமதி. 2023 திருத்தம், சட்டத்தை மீறினால் மூன்று வருடம் வரை சிறை என்றிருந்ததை எடுத்துவிட்டு அபராதத்தோடு நிறுத்திக்கொண்டது.

என்னுடைய அக்கறை இவற்றுக்குள்ளே இருக்கும் ஒரு அட்டவணையில். பண்ணையிலிருந்து வெளியேறும் நீருக்கான தரங்கள்: பி.எச்., மிதக்கும் திடப்பொருள், ஆக்ஸிஜன், அம்மோனியா, பி.ஓ.டி., சி.ஓ.டி., பாஸ்பேட், நைட்ரஜன். ஆற்று முகத்துக்கும் கழிமுகத்துக்கும் பி.ஓ.டி. 20க்குள், கடலுக்கென்றால் 50க்குள். 5 ஹெக்டேருக்கு மேற்பட்ட பண்ணைக்குக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புக் குளம் கட்டாயம். படித்துப் பார்க்க நன்றாகவே இருக்கிறது. உப்பு என்ற வரி மட்டும் அதில் இல்லை.

இதில் சூழ்ச்சி எதுவும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. கடலிலிருந்து எடுத்த தண்ணீர் கடலுக்கே போகிறது. கடலில் உப்பை ஏன் அளக்க வேண்டும்? தர்க்கம் சரிதான். ஆனால் அந்தத் தர்க்கம் வடிகாலின் வாயில் நின்றுகொண்டு யோசிக்கிறது. கிணற்றைக் கெடுக்கும் உப்பு வடிகால் வழியாகப் போவதில்லை. குளத்தின் அடியிலும் கரையிலும் கசிந்து மண் வழியாகப் போகிறது. கரையிலிருந்து ஆயிரம் அடி தள்ளி ஒரு வாளிக்குள் வருகிறது. குடிநீர் ஆதாரத்திலிருந்து 100 மீட்டர் தள்ளிப் பண்ணை அமைக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. நிலத்தடி நீரைக் கண்காணிக்க வேண்டும் என்ற வழிகாட்டுதலும் பெரிய பண்ணைகளுக்கு இருக்கிறது. தூரத்தை ஒருநாள் அளந்தால் போதும். தண்ணீரை ஒவ்வொரு நாளும் அளக்க வேண்டும். அந்தக் கண்காணிப்பைச் செய்கிறவனும் பண்ணைக்காரனே. நான் இருந்த இடத்தில் இன்று இன்னொரு தம்பி இருப்பான். அவன் சம்பளமும் அதே கையிலிருந்துதான் வரும்.

வேறொன்றையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும். 1995இல் எங்கள் குளங்களில் வெள்ளைப்புள்ளி நோய் வந்தது. முந்தைய வருட இறுதியிலிருந்தே கிழக்குக் கடற்கரை முழுக்க அது பரவிக்கொண்டிருந்தது. இறால் செத்து ஒதுங்கிய அன்று காலையில் என் பதிவேட்டில் ஆக்ஸிஜன் 4.5, பி.எச். 7.9, உப்பளவு 20. எல்லாம் சரி. பக்கத்துப் பண்ணை நோய்த் தண்ணீரைத் திறந்துவிட்ட ஓடையிலிருந்துதான் நாங்கள் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தோம். ஒருத்தன் வடிகால் அடுத்தவன் வாய்க்கால். உள்ளே அவ்வளவு நுணுக்கமாக அளந்த தண்ணீர், வெளியே யாரும் அளக்காத தண்ணீரிலிருந்துதான் வந்தது. கரை என்பது மண்ணால் ஆனது. அதைச் சுவர் என்று நம்பியது எங்கள் பதிவேடு. கடன் வாங்கிச் சிறு குளம் வெட்டிய உள்ளூர்க்காரர்களும் அந்த வருடம் அழிந்தார்கள். அவர்களைப் பற்றி இரு தரப்பிலும் யாரும் அதிகம் எழுதவில்லை.

6

இதற்கு மாற்றாக நம் மரபுக்குத் திரும்பிவிடலாம் என்று பேசும் நண்பர்கள் இருக்கிறார்கள். மரபில் எடுத்துக்கொள்ள வேண்டியது உண்டு. கல்வெட்டுகளில் 'பாசிப்பாட்டம்' என்று ஒன்று வருகிறது: ஏரி குளங்களில் மீன் பிடிக்கும் உரிமைக்குக் கொடுக்கும் குத்தகை. குளத்து மீனின் வருவாயைக் குளத்தைப் பராமரிக்கவே விட்ட செய்திகளும் கல்வெட்டுகளில் உண்டு. மீன்பாசி ஏலம் என்ற பெயரில் அந்தச் சொல் இன்றும் கண்மாய்க்கரையில் புழங்குகிறது. மீன் தருகிற காசில் ஒரு பங்கு தண்ணீருக்குத் திரும்ப வேண்டும் என்ற யோசனை பழையது, எளியது. 2005 சட்டத்தைவிட இந்த விஷயத்தில் தெளிவானது.

ஆனால் அந்தத் தண்ணீர் யாருடையது? ஊரணியின் படித்துறையில் யார் இறங்கலாம், யார் கரையில் காத்திருந்து பிறர் ஊற்றுவதை வாங்க வேண்டும் என்பதை நிர்ணயித்ததும் அதே மரபுதான். 'நல்ல தண்ணி' என்ற சொல்லில் உப்பின்மை மட்டும் இல்லை, சாதியும் இருந்தது. பழங்கதை என்று தள்ளவும் முடியாது. இதே புதுக்கோட்டை மாவட்டத்தில் 2022 டிசம்பரில், வேங்கைவயலில் தலித் மக்களின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. அது தெரியவந்தது எந்த அலுவலகத்தின் கண்காணிப்பாலும் இல்லை. குழந்தைகளுக்கு நோய் வந்ததால், தண்ணீரைச் சந்தேகப்படச் சொன்னதால், மக்களே ஏறிப் பார்த்ததால். பிறகு ஆய்வுக்கூடம் வந்தது. மரபணுப் பரிசோதனை வந்தது. அந்தப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கச் சொல்லி முதலில் கேட்கப்பட்டவர்களில் பாதிக்கப்பட்ட மக்களும் இருந்தார்கள். அளக்கும் கருவி கடைசியாக வந்து, தண்ணீர் குடித்தவர்களையே அளக்கத் தொடங்கியது.

ஆக, கருவியா மரபா என்று கேள்வியை வைத்தால் இரண்டிலும் அந்த வயதான பெண் வெளியே நிற்கிறார். மரபு அவரைப் படித்துறையில் நிறுத்தியது. கருவி அவரை முதல் கோட்டுக்குள் புதைத்தது.

7

அப்படியானால் என்ன செய்ய? முழக்கமாக எதையும் சொல்ல எனக்குத் தகுதியில்லை. தண்ணீர் பார்த்தவன் என்ற முறையில் மூன்று விஷயம் சொல்லலாம்.

ஒன்று, பதிவேட்டில் கட்டம் கூட்ட வேண்டும். பண்ணை எத்தனை ஹெக்டேராக இருந்தாலும் சரி, சுற்றிலுமுள்ள கிணறு, ஊற்று, அடிகுழாய் ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். குளம் வெட்டும் முன்பே முதல் அளவு எழுதப்பட வேண்டும். அந்த முதல் அளவு இல்லாததால்தான் அன்றைக்கு எதையும் நிரூபிக்க முடியாமல் போனது. பின்னால் வந்த இழப்பீட்டுப் பேச்செல்லாம் காற்றில் போனது.

இரண்டு, அந்தப் பதிவேடு பண்ணையில் இருக்கக் கூடாது. இன்று உப்பு காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. கடலை அளப்பது இல்லை, குடிநீரை அளப்பது. மகளிர் குழுவோ கிராம சபையோ வாரத்துக்கு ஒரு முறை அளந்து, ஊராட்சிச் சுவரில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதிப்போட ஆய்வுக்கூடம் தேவையில்லை. எண்ணுக்கு அதிகாரம் இருக்கிறது என்பதைக் கண்டுபிடித்துக் கட்டுரை எழுதிக்கொண்டிருப்பதைவிட, அந்த எண்ணை அவர்கள் கையில் கொடுப்பது மேல். 1995இல் நீதிமன்றம் நாகபுரியிலிருந்து எண் வரும்வரை காத்திருந்தது. ஊரிலேயே பத்து வருட எண் இருந்திருந்தால் வழக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும்.

மூன்று, நாக்கையும் கட்டத்தில் ஏற்ற வேண்டும். 'கரிக்குது', 'பருப்பு வேகலை', 'சோப்பு நுரைக்கலை' என்று ஒரு பெண் சொன்னால் அது புகார் மட்டுமில்லை, அளவும்கூட. தேதி போட்டு எழுதத் தக்க அளவு. எழுபது குடத்தில் ஒரு குடம் கடல் நீர் கலந்தாலே, மீதி எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், லிட்டருக்கு 500 மில்லிகிராம் ஏறிவிடும். அதைக் கண்டுபிடிக்க என் கருவியால் முடியவில்லை. நாக்கால் முடிந்தது.

வெள்ளைப்புள்ளிக்குப் பிறகு அந்தப் பண்ணையிலிருந்து நான் வெளியே வந்துவிட்டேன். சில வருடம் கழித்து அந்தக் குடியிருப்புக்குப் போனபோது கிணற்றின் மேல் கருவை வளர்ந்திருந்தது. தண்ணீர் லாரியில் வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் இறந்துபோயிருந்தார். அவருடைய மகள் என்னை அடையாளம் கண்டுகொண்டு, "நீதானே தண்ணி பாத்த தம்பி? அன்னைக்கு எங்காத்தாகிட்ட நல்ல தண்ணின்னு சொன்னியாமே" என்றார். கோபமில்லை, குத்தலுமில்லை. செய்தியாகக் கேட்டார். ஆமாம் என்றேன்.

"நீ சொன்னேன்னுதான் இன்னும் ஒரு வருசம் அதையே குடிச்சோம்" என்றார்.

பதிவேட்டின் பன்னிரண்டு கட்டங்களில் எழுதியதெல்லாம் எனக்கு மறந்துவிட்டது. எழுதாமல் விட்ட அந்த ஒன்று மட்டும் நினைவிலிருக்கிறது. தாமதமாகத்தான், இங்கே எழுதிவைக்கிறேன்: 1995, கோடை, மேற்குக் குடியிருப்புக் கிணறு, உப்பளவு 1. குடிக்கத் தகாது.